குடிலனை வளர்த்தவர் யார்?

நாடகமானாலும் நாவலானாலும் படக்கதையானாலும், அது முடிந்த பின் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே தன்மையதாயிருக்கும். "அவன் தங்கமானவன், இவன் பாதகன், அவள் உத்தமி, இவள் சூழ்ச்சிக்காரி" என்று பாத்திரங்களை இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டு, கடமை தீர்ந்ததென்று எழுந்துவிடுகிறோம். பள்ளிக்கூடங்களும் இந்த வழக்கத்துக்கு உடந்தையாகவே இருக்கின்றன. "இன்னானுடைய குணநலன்களை விவரிக்க" என்று வினாத்தாளில் கேட்கிறோம். பிள்ளைகளும் நற்குணங்கள் ஐந்து, தீக்குணங்கள் மூன்று என்று மளிகைக் கடை ஜாபிதாவைப்போல் எழுதி மார்க்கு வாங்கிவிடுகிறார்கள்.

குணமென்பது பெட்டியில் பூட்டிய நகையைப்போல் ஒரு மனிதனுக்குள்ளேயே கிடக்கும் பொருளாயிருந்தால் இந்த ஜாபிதா போதும். உலகத்தில் நாம் காண்பதோ வேறு. காரியாலயத்தில் மேலுத்தியோகஸ்தர் முன்பு வாய் திறவாதவர், வீட்டுக்குள் நுழைந்ததும் கர்ஜிக்கிறார். அதே மனிதர் பேரக் குழந்தையின் முன்னே யானையாகவும் குதிரையாகவும் தவழ்கிறார். இம்மூன்றில் எது அவருடைய உண்மைக் குணம்? மூன்றுமேதான். குணம் ஒருவரிடத்தில் இருப்பதைக் காட்டிலும் இருவருக்கு நடுவில் இருக்கிறது என்று சொல்லுவதே பொருத்தம்.

ஆகையால் ஒரு பாத்திரத்தை அறிய விரும்புவோர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும். இவன் யாரிடத்தில் எப்படி நடந்துகொள்ளுகிறான்? அவர்களிடமிருந்து இவனுக்கு வேண்டியது என்ன? அதற்கு விலை கொடுப்பவர் யார்? இம்மூன்றையும் தமிழர் பெருமையுடன் பேசும் நாடகமொன்றில், அதாவது 'மனோன்மணீய'த்தில், வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

வாழ்த்துக்குப் பின்னே ஒரு நாடகம்

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவ சாஸ்திரப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) இந்நாடகத்தை 1891-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்ட செய்யுள் நாடகம் இது. ஆங்கிலத்தில் லிட்டன் பிரபு பாட்டாக எழுதிய 'இரகசிய வழி' என்னும் சிறு கதையிலிருந்து வித்தை எடுத்துக்கொண்டு, பாண்டி நாட்டு மண்ணில் ஊன்றி, பெரிய மரமாக வளர்த்தார் ஆசிரியர். 1942-ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் டி. ஆர். சுந்தரத்தின் டைரக்ஷனில் இதை 'மனோன்மணி' என்ற படமாக எடுத்தார்கள். பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் அதில் நடித்தார்கள். 1970-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் நூலின் தொடக்கத்திலுள்ள வாழ்த்தின் ஒரு பகுதியைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்டது. அன்று முதல் அந்த வாழ்த்தைப் பாடாத பள்ளிக்கூடப் பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை என்னலாம். வாழ்த்துக்குப் பின்னே நிற்கும் நாடகத்தைப் படித்தவர்களோ வெகு சிலர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பாண்டியன் ஜீவகன் நல்லவன், கபடமறியாதவன். மந்திரி குடிலனுடைய யோசனையின்படி மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்கு வந்து புதுக் கோட்டை கட்டிக்கொண்டு வாழ்கிறான். அவனுடைய ஒரே மகள் மனோன்மணி. நேரில் ஒருமுறையேனும் கண்டறியாத சேர மன்னன் புருஷோத்தமனைக் கனவிலே கண்டு அவள் காதல் கொள்ளுகிறாள். அவனும் அவளைக் கனவிலே கண்டு மயங்குகிறான். குலகுருவாகிய சுந்தர முனிவர், இவ்விருவருக்கும் மணம் முடிப்பதே தக்கதென்றும், நடராஜன் என்ற இளைஞனைத் தூது அனுப்பலாமென்றும் சொல்லுகிறார். அரசன் சரியென்று தலையசைத்துவிட்டு, நேரே குடிலனிடம் போய் யோசனை கேட்கிறான். குடிலன் தன் மகன் பலதேவனையே தூதனாக அனுப்பச் செய்கிறான். மணம் பேசப் போனவன் நாஞ்சில் நாட்டு உரிமையைக் கிளப்பி, மரியாதையற்றுப் பேசி, சண்டையை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். போரில் பாண்டியன் தோற்கிறான். கோட்டைக்குள் ஒடுங்கிய நிலையில், முனிவர் தாம் முன்பே இரகசியமாக வெட்டி வைத்த சுரங்கத்தின் வழியாக மனோன்மணியைத் தப்புவிக்கலாமென்கிறார். அதற்கு முன் பலதேவனுக்கு அவளை மணம் செய்து கொடுத்துவிடவேண்டுமென்று குடிலன் அரசனை இசையச் செய்கிறான். பிறகு சுரங்கத்தைக் கண்டுகொண்டு, அவ்வழியே சென்று பகைவனிடம் கோட்டையைக் காட்டிக்கொடுக்க முயலுகிறான். புருஷோத்தமன் அந்தத் துரோகத்தை அருவருத்து அவனையே சிறைப்படுத்தி வழிகாட்டச் செய்து, மணப்பந்தலுக்கு வந்து சேருகிறான். கையில் மாலையுடன் நிற்கும் மனோன்மணி தன் கனவில் கண்டவனை நேரில் கண்டு அவனுக்கே மாலையிடுகிறாள்.

நாம் கேட்டவையும் அரசன் கேட்டவையும்

இக்கதையைப் படித்த மாணவர்களிடம் "நாட்டுக்கு வந்த கேட்டுக்குக் காரணம் யார்?" என்று கேட்டால், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "குடிலன்!" என்று கூவும். "ஜீவகன்?" என்றால், "பாவம், அவன் ஏமாந்தவன்" என்பார்கள். இந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பாகும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

நாடகத்தில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. குடிலன் தனியாக நின்று தன் மனத்திலுள்ளதை வாய்விட்டுச் சொல்லும்போது நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஜீவகனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. படக்கதையிலோ தனிமொழி கூட வேண்டுவதில்லை. புருவத்தின் நெளிவும் முகத்தில் விழும் நிழலும் "இவனே வில்லன்" என்று முதல் காட்சியிலேயே தமுக்கடித்துவிடும். பிறகு, "இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் கதாநாயகன் ஏமாறுகிறானே!" என்று சிரிக்கிறோம். தெளிவாகத் தெரிந்தது நமக்குத்தான் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு பாத்திரத்துக்கு நியாயம் வழங்க வேண்டுமானால், நாம் மட்டும் கேட்டவற்றைக் கழித்துவிட்டு, அந்தப் பாத்திரம் எவற்றைக் கண்டது, எவற்றைக் கேட்டது என்று கணக்கெடுக்கவேண்டும்.

இப்படிக் கழித்த பிறகும் ஜீவகனுடைய கணக்கில் மிச்சம் இருக்கிறது. முனிவர் புதுக் கோட்டையைக் கண்டபொழுது அதன் வலிமையை நம்பி இறுமாக்க வேண்டாமென்று எச்சரிக்கிறார். நாராயணன் என்னும் உண்மை நண்பன் ஒருவன் அரண்மனையிலேயே இருக்கிறான். அரசனிடம் நேராகச் சொன்னால் ஏறாதென்று கண்டு அவன் ஒரு யுக்தி செய்கிறான். மூக்கிலே கரியைத் தடவிக்கொண்டு வருகிறான். வெளித்தோற்றத்தில் குன்றிமணியைப்போல் செம்மையாயிருந்து, அதன் மூக்கைப்போல் உள்ளே கறுத்திருப்பவர்களும் உண்டென்று வள்ளுவர் சொன்னதை அரசனுக்கு நினைவூட்டுவதே அவன் கருத்து. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்லமுடியும்? குறிப்பாகச் சொன்னாலும் வெளிப்படையாகச் சொன்னாலும் அரசன் செவியில் அது ஏறவில்லை. போர் முடிந்த பின்னர் பழி முழுவதும் அந்த நாராயணன்மீதே சுமத்தப்படுகிறது. அரசனும் அதை நம்புகிறான்.

ஷேக்ஸ்பியருடைய 'ஒத்தெல்லோ' நாடகத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அது 1604-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசர் முன்னிலையில் நடிக்கப்பட்டது. அதிலும் நம்பிய தலைவன் ஒருவன் உண்டு. நயவஞ்சகனாகிய இயாகோ உண்டு. ஆனால் இயாகோவைப் பற்றி ஒத்தெல்லோவை எச்சரித்தவர் ஒருவரும் இல்லை. தளபதி முதல் படைவீரன்வரை எல்லோரும் அவனை யோக்கியன் என்றே அழைக்கிறார்கள். அவனுடைய மனைவி எமீலியாவுக்கே உண்மை தெரிவது, எல்லாம் முடிந்த பிறகுதான். ஒத்தெல்லோவின் குற்றம் பெரிது. குற்றமற்ற மனைவியின் சொல்லை அவன் நம்பவில்லை. ஆனாலும் இயாகோவின் விஷயத்தில் அவனைச் சூழ்ந்திருந்தது இருட்டு. ஜீவகனைச் சூழ்ந்திருந்ததோ வெளிச்சம். குருவும் நண்பனும் இரு பக்கத்திலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஏமாற்றப்பட்டவன் வேறு, ஏமாற விரும்பியவன் வேறு என்பதை இவ்விரு நாடகங்களும் சேர்ந்து நமக்குக் கற்பிக்கின்றன.

குடிலன் விற்ற சரக்கு

ஜீவகன் ஏன் கண்ணை மூடிக்கொண்டான்? இங்கேதான் நம் இரண்டாவது கேள்வி உதவுகிறது. குடிலனிடமிருந்து அவனுக்கு வேண்டியது என்ன?

புது வீடு கட்டினவனுக்கு, வருகிறவர்கள் "வீடு பேஷ்" என்று சொல்லவேண்டும். கிணற்றில் உப்புத் தண்ணீர் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஜீவகனோ முன்னோர்களுடைய தலைநகரத்தையே விட்டுவிட்டு வந்து கோட்டை கட்டியவன். அது சரியான காரியந்தானா என்ற சந்தேகம் அவன் உள்ளத்தின் மூலையிலே இருந்திருக்கவேண்டும். அந்தச் சந்தேகத்தைத் தட்டித் தூங்கவைப்பதற்கு ஒரு தாலாட்டு வேண்டியிருந்தது. குடிலன் தாலாட்டுப் பாடினான். கோட்டையைப் புகழ்ந்தான், அரசனுடைய வீரத்தைப் புகழ்ந்தான், அரசன் நினைத்தவற்றையெல்லாம் அரசன் நினைப்பதற்கு அரை நாழிகை முந்தியே சொன்னான். முனிவர் கொண்டுவந்தது கசப்பு மருந்து. நாராயணன் கொண்டுவந்தது சுருக்கென்று தைக்கும் முள். குடிலன் கையில் மட்டுமே சர்க்கரை இருந்தது.

முகஸ்துதி செய்கிறவன் வியாபாரி. வாங்குகிறவன் இல்லாத சரக்கை எந்த வியாபாரியும் கொண்டுவந்து இறக்குவதில்லை. குடிலன் கெட்டவனாகப் பிறந்திருக்கலாம்; அவனை மந்திரியாக வளர்த்தது ஜீவகனுடைய செவி. ஜீவகன் கேட்கும் செவியுள்ளவனாயிருந்திருந்தால், குடிலன் திருநெல்வேலியின் மூலையில் ஒரு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளையாக இருந்து காலங்கழித்திருப்பான். கடிந்து சொல்லத் துணையில்லாத அரசனுக்குப் பகைவன் தேவையில்லை என்பது வள்ளுவர் கருத்து. ஜீவகன் அதற்கும் ஒரு படி மேலே போகிறான். அவனுக்குக் கடிந்து சொல்லும் துணையும் இருந்தது. அதையும் அவன் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இந்த நாடகத்தைத் தத்துவ ரீதியாகப் பொருள் கொள்ளுகிறவர்கள் உண்டு. ஜீவகன் என்றால் ஜீவாத்மா, குடிலம் என்றால் வளைவு, ஆகையால் குடிலன் மாயை, முனிவர் ஞானகுரு. தத்துவப் பேராசிரியர் எழுதிய நூலாதலால் இந்தப் பொருள் அழகாகவே பொருந்துகிறது. ஆயினும் அதிலே ஓர் அபாயமும் உண்டு. எல்லாவற்றையும் மாயையின் தலையில் ஏற்றிவிட்டால், ஜீவகன் தப்பித்துக்கொள்ளுகிறான். மாயையோடு கை கோத்துக்கொண்டவனும் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று தந்தையர்

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். விலை கொடுப்பவர் யார்?

நாடகத்தில் தந்தையர் மூவர் இருக்கிறார்கள். மனோன்மணியின் தந்தை ஜீவகன். பலதேவனின் தந்தை குடிலன். மூன்றாமவர் சகடர், மனோன்மணியின் தோழி வாணிக்குத் தகப்பனார். வாணியின் உள்ளம் நடராஜனிடத்தில் இருக்கிறது. சகடரோ மந்திரி வீட்டுச் செல்வத்தை எண்ணி அவளைப் பலதேவனுக்குக் கொடுக்கத் துடிக்கிறார். அரசனிடம் முறையிட்டு அதிகாரத்தின் துணையையும் தேடிக்கொள்ளுகிறார்.

மூவரும் தம் மக்களை நேசிப்பவர்களே. மூவரும் தம் மக்களையே செலவிடுகிறார்கள். சகடர் பணத்துக்காக மகளைச் செலவிடுகிறார். குடிலன் பேராசைக்காக மகனைச் செலவிடுகிறான். அவனைத் தூதனாக்குகிறான், மாப்பிள்ளையாக்குகிறான், தான் சிம்மாசனத்துக்கு ஏறிப்போகும் ஏணிப்படியாக்குகிறான். ஜீவகன் பயத்துக்காகவும் நன்றிக்காகவும் மகளைச் செலவிடுகிறான். தோல்வியினால் மனமுடைந்த நேரத்தில், தன்னிடம் விசுவாசமாயிருப்பவன் குடிலன் ஒருவனே என்று எண்ணி, அவன் கேட்டதைக் கொடுக்கத் துணிகிறான்.

நோக்கத்தில் மூவருக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம். ஆனால் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு விரும்பாதவன் முன் நிற்கவேண்டிய பெண்ணுக்கு அந்த வித்தியாசத்தினால் என்ன பயன்? "அப்பா பேராசையினால் செய்யவில்லை, பயத்தினால்தான் செய்தார்" என்று எண்ணினால் கண்ணீர் நின்றுவிடுமா? நல்லவன், கெட்டவன் என்ற இரண்டு வரிசைகளைக் கொண்டு பார்த்தால் ஜீவகன் ஒரு வரிசையிலும் குடிலன் மற்றொன்றிலும் நிற்பார்கள். பிள்ளைகளின் பக்கமிருந்து பார்த்தாலோ இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மனோன்மணியைச் சிலர் 'அடங்கிய பெண்' என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். உறவுகளின் வழியே பார்த்தால் அவள் உயரம் தெரியும். தந்தையின் நிலையைக் கண்டு அவர் சொல்லுக்கு இசைகிறாள். இசைந்த அதே சமயத்தில், வாணி நடராஜனை மணக்கத் தடையிருக்கக் கூடாதென்று வேண்டிக்கொள்ளுகிறாள். தன் ஆசை கருகிய இடத்தில் தோழியின் ஆசைக்குத் தண்ணீர் வார்க்கிறாள். நாடகத்திலுள்ள பெரியவர்கள் எல்லோரும் தங்களுக்காகப் பிறரைச் செலவிட்டுக்கொண்டிருக்கையில், தன்னையே செலவிட்டுப் பிறருக்கு மிச்சப்படுத்துகிறவள் அவள் ஒருத்தியே. நூலுக்கு ஏன் அவள் பெயரை வைத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

சுரங்கம் எல்லோருக்கும் கிடைக்குமா?

முடிவில் எல்லாம் சுபமாகிறது. ஆனால் எதனால் சுபமாயிற்று என்று கவனிக்கவேண்டும். முனிவர் முன்யோசனையுடன் சுரங்கம் வெட்டியிருந்தார். எதிரியாக வந்த சேரன் பெருந்தன்மையுள்ளவனாயிருந்தான். இருவர் கண்ட கனவும் ஒன்றாயிருந்தது. இவற்றில் ஒன்றாவது ஜீவகனுடைய விவேகத்தினால் விளைந்ததல்ல. கவியின் கருணை அவனைக் காப்பாற்றியது. வாழ்க்கையில் ஜீவகர்கள் அநேகர். சுரங்கம் வெட்டி வைக்கும் முனிவர்கள் சிலரே. வரும் பகைவர்களும் புருஷோத்தமர்களாய் இருப்பார்களென்று உறுதி சொல்வதற்கில்லை.

இந்த விசாரணையெல்லாம் கற்பனைப் பாத்திரங்களுக்காகவா என்று சிலர் கேட்கலாம். கதையை மதிப்பிடப் பழகும் முறையிலேதான் மனிதரையும் மதிப்பிடப் பழகுகிறோம். குடிலனை மட்டும் வைது, ஜீவகனைப் 'பாவம்' என்று விட்டுவிடப் பழகிய வீட்டில், நாளைக்கு மகளுடைய கல்யாணப் பேச்சு நடக்கும்போது, தரகர் சொன்ன இனிப்பை மட்டும் கேட்டுவிட்டு, சித்தப்பாவோ அத்தையோ சொன்ன கசப்பைத் தள்ளிவிடுவார்கள். பிறகு விபரீதம் நேர்ந்தால், "தரகர் ஏமாற்றிவிட்டார்" என்று ஓர் ஆளைக் காட்டுவார்கள். எச்சரித்தவர்களை நினைத்துப் பார்க்கமாட்டார்கள். விலை கொடுத்த பெண்ணையும் போதிய அளவு நினைத்துப் பார்க்கமாட்டார்கள்.

தேசத்துக்கும் இதே பாடந்தான். 1947-இல் சுதந்தரம் பெற்று, 1950-இல் குடியரசாகிவிட்ட நாட்டில் சிம்மாசனம் ஒன்றல்ல. வோட்டுரிமையுள்ள ஒவ்வொருவரும் சிற்றரசரே. நமக்கு இனிக்கப் பேசி, நம் கோட்டையைப் புகழ்ந்து, நமக்குப் பிடிக்காத அயலான்மீது பழியைப் போட்டுக் காரியம் சாதித்துக்கொள்ளுகிறவர்கள் எக்காலத்திலும் இருப்பார்கள். அவர்களை ஒழித்துவிட ஒருவராலும் முடியாது. அவர்களுடைய சரக்கை வாங்காமலிருக்க நம்மால் முடியும். மூக்கில் கரி பூசிக்கொண்டு வருகிறவனைக் கண்டு சிரித்துவிட்டுப் போகாமல், "ஏனப்பா இப்படி வந்தாய்?" என்று நின்று கேட்க முடியும்.

ஆகவே, அடுத்த முறை நாடகமோ படமோ பார்த்துவிட்டுத் திரும்பும்போது, குழந்தைகளிடம் "யார் நல்லவன், யார் கெட்டவன்?" என்று கேட்பதை நிறுத்திக்கொள்வோம். "அவனை எச்சரித்தவர் யார்? அவன் ஏன் கேட்கவில்லை? அவன் கேளாததற்கு யார் அழுதார்கள்?" என்று கேட்போம். அவர்கள் சொல்லும் விடைகள் பரீட்சைத் தாளில் ஐந்து மார்க்குக்குமேல் பெறமாட்டா. ஆனால் பிற்காலத்தில் அவர்கள் தந்தையாகவும் தாயாகவும், தலைவராகவும் பிரஜையாகவும் நிற்கும் நாளில், அந்தக் கேள்விகள் அவர்களுடைய காதருகே நின்று காவல் செய்யும்.